மைனஸ் பதினெட்டு

மண்ணடி நடைபாதையில்
கிலோக் கணக்கில் கொட்டிவைத்திருந்தான்,
கன்டெய்னரில் தண்ணீர் புகுந்த சரக்கு.
வெள்ளைக் கம்பளி நூல்,
நனைந்த ஆட்டின் வாடை இன்னும் போகாதது.
"மெட்ராஸ்ல இத்த யாரும்மா வாங்குவா" என்றான்
விற்கிறவனே.
நான் வாங்கினேன், ரெண்டு கிலோ.

எனக்கு ஒரு குளிர்காலம் இருக்கிறது.
காலை ஏழரைக்குத் தொடங்கி
நாலு மணிக்கு முடியும்.
இறால் கம்பெனியின் தடித்த கதவுக்குப் பின்னால்
மைனஸ் பதினெட்டு.
வெளியே காசிமேட்டில் சித்திரை,
தார் ரோட்டில் செருப்பு ஒட்டும்.

உள்ளே எல்லாம் வெள்ளை.
கோட்டு, தொப்பி, கையுறை, பூட்ஸ், மூச்சு.
எட்டு வருஷம் வெள்ளையைப் பார்த்த கண்ணுக்கு
இதையும் வெள்ளையாகவே பின்னிப்போட மனசில்லை.
சமையல்கட்டு டப்பாக்களைத் திறந்தேன்.

படிகாரம், சலூன் குணசீலனிடம் ஒரு கட்டி.
வெங்காயத் தோல், ரப்பானி பாய் பிரியாணிக் கடையில்
ஒரு சாக்கு, சும்மாவே.
"இன்னாத்துக்கு கிளாடிஸ்?"
"கம்பளிக்கு."
கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்,
ஜுரமா என்று.

சிட்டமாகச் சுற்றி, தளர்வாகக் கட்டி
முதலில் ஊறப்போட வேண்டும்.
கம்பளி தண்ணீர் குடிக்க நேரம் பிடிக்கும்.
காது போன அன்னக்கூடையில்
தோல் கொதித்த சாறு
தேநீராகி, பிறகு பழம்பித்தளையாகி நின்றது.
தங்கம் வரும் என்று காத்திருந்தேன்,
வந்தது பாசி.
மூன்றாம் மாடிக்கு நான் சுமந்த கைப்பம்புத் தண்ணி
தன் இரும்பையும் கூடவே ஏற்றி வந்திருக்கிறது.
குடத்தின் துருவைத் தினம் தேய்க்கிறவளுக்கு
அது சாயமும் போடும் என்று தெரியாமல்போச்சு.
கொருக்குப்பேட்டை வாய்க்கால் ஓரம்
லாரிகளின் அடியில் முளைக்கும் கோரையின் பச்சை.
எதிர்வீட்டு அமுதவேணி மூக்கைச் சுளித்தாள்,
"மிலிட்டரிகாரன் சாக்ஸ் மாரி கீது."
எனக்குப் பிடித்திருந்தது.
உடனே இல்லை, காய்ந்த பிறகு.

பீட்ரூட் ஏமாற்றியது.
சட்டியில் கல்யாணப் புடவை,
அலசினால் ஜுரக்காரன் நாக்கு.
மஞ்சள் மட்டும் கேட்காமலே ஒட்டியது,
நூலில், சுவரில், நகக்கண்ணில், பூனையின் வாலில்.

ஒரு சிட்டத்தைப் பாழாக்கித்தான் இதைக் கற்றேன்:
கொதியிலிருந்து எடுத்து நேராகப்
பச்சைத் தண்ணீரில் முக்கினேன்.
கால்மிதிபோல் இறுகிவிட்டது.
சூட்டிலிருந்து சட்டெனக் குளிருக்குப் போனால்
கம்பளி சுருங்கிக்கொள்ளும்,
எவ்வளவு இழுத்தாலும் பிறகு விரியாது.
அதே தண்ணீரில் ராத்திரி பூரா ஆறவிட வேண்டும்.
மூடிவைத்துவிட்டுப் படுத்தேன்.
ஒரு நாளைக்கு எத்தனை தடவை
அந்தக் கதவைத் தாண்டுகிறேன் என்று எண்ணினேன்.
பதினாலில் தூங்கிப்போனேன்.

மணிக்கட்டுக்கு இரண்டு பட்டை, மஞ்சளில் பின்னி
கோட்டுக் கைக்குள் மறைத்துப் போனேன்.
பதினொன்றரைக்குக் கை கழுவும் தொட்டியில்
கம்பெனிச் சோப்பின் நுரை உள்ளே இறங்கியது.
மஞ்சளும் காரமும் சேர்ந்தால்
குங்குமமாக வேறென்ன வேண்டும்.
முழங்கை வரை சிவப்பு வழிந்தது.

"ரத்தம்! லைனை நிறுத்து!"
சூப்பர்வைசர் தணிகாசலம் ஓடிவந்தார்.
தொட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்,
இறால் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்,
கடைசியில் என் கையை.
நான் வாயைத் திறக்கவில்லை.
பதிவேட்டில் எழுதினார்:
காயம். அரை நாள்.

வெளியே வந்ததும் வெயிலில் இறங்கிவிடவில்லை.
ஐஸ் லாரியின் நிழலில் நின்றேன்,
கொஞ்சம் கொஞ்சமாக,
விரல்கள் என்னுடையவை ஆகும்வரை.

எலுமிச்சை பிழிந்தால்
சிவப்பு மறுபடி மஞ்சளாகிவிடும்.
சித்திரையில் பழம் ஒன்று பத்து ரூபாய்.
ஒரு பட்டைக்கு மட்டும் பிழிந்தேன்.
மற்றது அப்படியே இருக்கட்டும்,
அவசரத்துக்கு.