கிழிந்த காது

பேருந்து கிளம்பும் முன்பே வாந்தி எடுத்தாள் வவூடா.
ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.
நாற்பத்து மூன்று பேர், ஒரே ஒரு பைனாகுலர்.
அதுவும் ம்வாச்சோஃபி சாரின் கழுத்தில்.

வோய் வாசலில் சீட்டு வாங்கும்வரை
வெயிலில் வரிசை.
பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்த அதே வேலி.
நான்கு கம்பி. மின்சாரம் ஓடும் நாளும் உண்டு,
ஓடாத நாளை யானைகள்தான் முதலில் கண்டுபிடிக்கும்.
இந்தப் பக்கம் எங்கள் மக்காச்சோளம்.
அந்தப் பக்கம் இருப்பதைப் பார்க்க
ஜெர்மனியிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள்.
பள்ளியிலிருந்து பதினோரு கிலோமீட்டர் கடந்து
நாங்கள் இன்றைக்குத்தான் வந்திருக்கிறோம்.

"சத்தம் கூடாது" என்றார் வனக்காவலர் முத்தேயு.
"கையை நீட்டக் கூடாது. எதையும் எறியக் கூடாது."
எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
யானை வந்தால் தகரம் தட்டுவோம்,
சட்டியைக் கரண்டியால் அடிப்போம்,
அதன் அம்மாவையும் சேர்த்துத் திட்டுவோம்.
சும்மா இருந்து பழக்கமில்லை.

முதல் ஒரு மணி நேரம் தூசிதான்.
பிறகு ஒரு டிக்டிக், முயலுக்கு அண்ணன் மாதிரி ஒரு மான்.
எல்லோரும் ஒரே பக்கம் எழுந்ததில்
பேருந்து சாய்ந்தது, ஓட்டுநர் கத்தினார், மான் போய்விட்டது.
ரயில் பாலத்தின் நிழலில் வரிக்குதிரைகள்.
மேலே மொம்பாசா வண்டி போனது.
அவை தலைதூக்கவில்லை.
நாங்கள்தான் ரயிலுக்குக் கை காட்டினோம்.

சிங்கம் இல்லை.
சிங்கம் படுத்திருந்த புல்லைக் காட்டினார் முத்தேயு.
புல்லைப் பார்த்தோம்.
கிசிலு அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

பதினொன்றரை மணிக்கு நீர்க்குழி.
சாவோ மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டு
சிவப்பாக, அவசரமில்லாமல் வந்தன.
இரவில் டார்ச் வட்டத்துக்குள் பார்த்திருக்கிறேன்:
ஒரு தந்தம், பாதிக் கால், நகரும் ஒரு சுவர்.
முழுசாகப் பார்த்ததில்லை.
யானைக்கு இமை முடி இருக்கிறது.
எனக்கு யாரும் சொன்னதில்லை.

ம்வாடிமே என் முழங்கையைப் பிடித்தான்.
"அங்கே. தள்ளி நிற்கிறதே."
இடது காது பாதிவரை கிழிந்து
இரண்டு துணியாகத் தொங்கியது.

போன ஜூலை, அறுவடைக்கு நான்கு நாள் இருக்க,
எங்கள் முக்கால் ஏக்கரை ஒரே ராத்திரியில் தின்று,
தண்ணீர்த் தொட்டியை மிதித்து,
போகிற போக்கில் பப்பாளியையும் சாய்த்த காது.
அந்தத் தவணையின் பள்ளிக் கட்டணம்
அதன் வயிற்றுக்குள் போயிற்று.
அப்பா அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார்.
சொல்லாமல் வரும், சுற்றிப் பார்க்கும்,
வேண்டியதை எடுத்துக்கொண்டு போகும்.

பக்கத்து வண்டியில் தொப்பி போட்ட ஒரு பெண்மணி
அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
அது தண்ணீர் குடித்தது.
குடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டது.
கோபத்துக்கு முன்னால் பசி வந்தது.
சார் அவித்த முட்டை பங்கிட ஆரம்பித்திருந்தார்,
தலைக்கு ஒன்று, உப்பு கிடையாது.

"பகலில் சின்னதாக இருக்கிறது" என்றான் ம்வாடிமே,
முட்டையை உரிக்காமல்.

திரும்பும் வழியில் கட்டுரை எழுதச் சொன்னார் சார்.
தலைப்பு: 'நம் தேசத்தின் செல்வம்'.
குலுங்கும் பேருந்தில், முழங்கால்மேல் நோட்டு.
இமை முடிவரை எழுதி நிறுத்திவிட்டேன்.

இரவு அப்பா காவலுக்குக் கிளம்பினார்.
தகரம் வாசலில் சாய்ந்திருந்தது.
"மேனேஜரைப் பார்த்தேன்" என்றேன்.
டார்ச்சுக்கு பேட்டரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.
மூடியைத் திருகினார்,
ஒருமுறை எரியவிட்டு அணைத்தார்.
பிறகு இருட்டில் கேட்டார்:
"கூட யாராவது இருந்தார்களா,
இல்லை, தனியாகவா?"