எழுபத்திரண்டா

கண்டியிலிருந்து நவ்சாத் மூன்றாம் தரமும் எடுத்துவிட்டார்.
"தங்கச்சி, பின் சில்லுக்கு மேல தகடு
வட்டமா ஈக்கா, சப்பையா ஈக்கா?
வட்டமெண்டா எழுபத்திரண்டு. அல்லது அடுத்த வருசம்.
முழுசா எடுக்கிறன், லொறி அனுப்புறன்.
சப்பையெண்டா
உங்கட தராசு, உங்கட விலை."

ஒட்டுசுட்டான் வீதி, கடையின் பின்காணி.
ஒரு பக்கம் எரிந்த பஸ்ஸின் கம்பிக்கூடு,
மறுபக்கம் சைக்கிள் குவியல்.
நடுவில் எம்.ஜி. மிட்ஜெட்.
இரண்டு பேர் இருந்து காற்று வாங்கிப் போகவென்று
எந்த ஊரிலோ செய்த கார்.
பின்மூடியில் கயிறு அறுத்த தடம் ஒன்பது எண்ணினேன்.
எத்தனை பானை, எத்தனை பாய், யார் யார்
என்று தகடு சொல்லாது.

நம்பர் அடித்த தகட்டைத் தேடினேன்.
இருந்த இடத்தில் ஆணித் துளைகள்,
துளைக்குள் குளவிக் கூடு.
பின் விளக்கைக் கழற்றித் துடைத்தேன்:
முதுகில் பதினொன்று, எழுபது.
ஆனால் விளக்கு வாங்கலாம், மாற்றலாம்.
கண்ணாடி கதவுக்குள் இறங்கிச் செத்திருந்தது,
மூலையில் புள்ளிகள்.
புள்ளி எண்ணினால் ஆண்டு வருமாம்.
எண்ணினேன். இரண்டு தரம் இரண்டு கணக்கு வந்தது.

திறப்பால் சுரண்டிப் பார்த்தேன்.
மேலே தூரிகையால் அவசரமாய்ப் பூசிய பச்சை,
அதன் கீழ் வெள்ளை,
அதற்கும் கீழே
கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு சிவப்பு.

பொனற்றைத் தூக்கினால்
கம்பியில் கட்டித் தொங்கும் சேலைன் போத்தல்.
ஒரு மிடறு பெற்றோலில் உசுப்பி
மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற குழாய்.
இதற்கு ஆண்டு கேளுங்கள் நவ்சாத், நானே சொல்லுவேன்.
அந்தப் புகைக்குப் பின்னால் நடந்து
தலையிடியோடு ஆறாம் வகுப்புப் படித்தவள்.

வட்டம்தான்.
பின் சில்லுக்கு மேல் நல்ல வட்டம்.
படம் எடுத்தேன். அனுப்புகிற இடத்தில் விரல் நின்றது.
வலப்பக்க வட்டம் இடப்பக்கத்தை விட
இரண்டு விரல் பெரிது.

குனிந்து உள்ளே கை விட்டேன்.
ஒட்டு. கட்டி கட்டியாய், காசைப் போல அடுக்கிய ஒட்டு.
தொலைபேசி வெளிச்சத்தில் தகரத்தின் மறுபுறம்
தலைகீழாய் எழுத்து: தார். நிகர எடை. எண்பத்தெட்டு.
வீதித் திணைக்களத்துப் பீப்பா.
எவரோ ஒரு ஒட்டுக்காரன்
சப்பைத் தகட்டை வாளால் அறுத்து
வான் சில்லு உள்ளே போக வளைத்திருக்கிறான்.
குழிக்கும் சேற்றுக்கும் உயர்த்தி விட்டிருக்கிறான்.
இங்கிலாந்துக்காரன் எழுபத்திரண்டில் யோசித்ததை
இவன் மழைக்கு முன் ஒரு பின்னேரத்தில்.

இரண்டு படமும் அனுப்பினேன்.
வெளிப்புறம், உட்புறம்.
நவ்சாத் கனநேரம் ஒன்றும் எழுதவில்லை.
பிறகு: "சுத்தமான வேலை. ஆனா வேணாம் தங்கச்சி."

செபரத்தினம் முதலாளி தராசைத் திறக்கச் சொன்னார்.
காஸ் வெட்டுகிற கோபிதன்
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிற்கிறான்,
"சுகந்தினி அக்கா, எங்கயால துவங்க?"
நானூற்று எண்பத்தாறு கிலோ.
"மண்ணைக் கொட்டிப்போட்டு நிறு," என்றார் முதலாளி.
"மண்ணுக்குக் காசு குடுக்கேலாது."

இருக்கைக்குக் கீழ் விரிப்பை இழுத்தேன்.
எங்கள் காணியின் சிவப்பு மண் அல்ல.
வெள்ளை. நைசு. சிப்பித் துண்டு கலந்தது.
கடற்கரை மட்டும் போயிருக்கிறது கார்.
அதற்கு அப்பால் போக வழியில்லாத கடற்கரை.

வாளியில் வாரி நிறுத்தேன்.
கொப்பியில் எழுதினேன்:
கழிவு, மண், மூன்றே கால் கிலோ.
'ஆண்டு' என்று அச்சடித்த கட்டத்தில்
பேனையை வைத்தேன், மை ஒரு பொட்டாய் ஊறியது.

"வலப்பக்க வளைவை விட்டுட்டு வெட்டு," என்றேன்.
"ஏனக்கா?"
"ஒட்டைப் பார்."
பார்த்தான். விரலால் தடவினான்.
"ஆர் ஒட்டினது?"

வாளி இன்னும் தராசடியில் இருக்கிறது.
எங்கே கொட்டுவதென்று
முதலாளியிடம் கேட்கவில்லை.