விழும் இடம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில்
ஒச்சப்பன் கமிஷன் கடை.
இரவு பதினொன்றே முக்கால்.
கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால்
ஃபேன் இறக்கையில் ஒட்டிக் காய்ந்திருக்கிறது
ஒரு மல்லிகை,
டீத்தூள் நிறத்தில்.

பழைய சிஸ்டம் நேற்றே போய்விட்டது.
லினக்ஸ் ஏற்றுகிறேன்.
காசில்லாமல் கிடைப்பதால்
ஒச்சப்பனுக்கு அதன்மேல் சந்தேகம்:
"சும்மா குடுக்குறவன் எதுக்குக் குடுக்குறான்?"
பதில் சொல்ல நேரமில்லை.
மூன்று மணிக்கு
சிலைமான் மூட்டைகள் இறங்கிவிடும்.

முதல் முறை நாற்பத்தொன்றில் நின்றது.
அம்புக்குறி சுவர்ப் பல்லி மாதிரி
அசையாமல்.
பென் டிரைவ்மேல் பழியைப் போட்டேன்.
வேறொன்றில் எழுதி, பின்பக்கத் துளையில் செருகி
மறுபடி.
எண்பத்தெட்டு.
வந்துவிட்டதென்று கார்பன் தாளை மடக்கி
எழுந்தேவிட்டாள் பஞ்சவர்ணம்.
உட்கார வைத்தது.
மூன்றாம் முறை
பத்தொன்பதைத் தாண்டவில்லை.

ஒரே இடத்தில் விழுந்தால் பாதையில் பள்ளம்.
இடம் மாற்றி மாற்றி விழுந்தால்
நடக்கிறவனைப் பார்க்க வேண்டும்.
இதை எனக்குச் சொன்னது
சிம்மக்கல் ஜெராக்ஸ் கடையில் வீணாய்ப்போன மூன்று நாளும்
திருப்பிக் கொடுத்த அட்வான்ஸும்.

ரேம் இரண்டையும் பிடுங்கி
அதன் பொன்னிறப் பல்வரிசையை
ரப்பரால் தேய்த்தேன்.
பஞ்சவர்ணத்தின் மகனுடைய ரப்பர்,
ஒரு முனையில் கடித்த தடம்.
ஒன்றை மட்டும் மாட்டி மெமரி டெஸ்ட்.
சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை.
அதை எடுத்துவிட்டு மற்றொன்று.
அதுவும் சுத்தம்.
யார்மேலும் குற்றமில்லை என்று தெரிவதுபோல
எரிச்சல் வேறு இல்லை.

ஒச்சப்பன் மானிட்டர் தலையில்
எலுமிச்சம்பழம் வைத்தார்.
வைக்கட்டும், சாறு வடியாதவரை.
"ஒங்க பக்கத்துல ஓதிப் போடுறதுன்னாலும்
போட்டுரு சபூரா."
"அது எங்க அத்தாவுக்குத் தெரியும்ண்ணே,
எனக்கு ஸ்க்ரூ டிரைவர்தான்."

நான்காம் முறை
திரையைப் பார்க்கவில்லை.
கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.
ஹார்ட் டிஸ்க் கொறிக்கிற சத்தம்.
எங்கோ ஒரு லோடு ஆட்டோ பின்வாங்குகிறது.
சுவருக்கு அங்கிட்டு
ரோஜாக் கட்டுகள் கிடக்கும் குளிர் அறை.
அதன் கம்ப்ரஸர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்த
அதே நொடி
டியூப்லைட் ஒருமுறை இமை தாழ்த்தியது.

ஐம்பத்தாறு.
நின்றது.

சிரிப்பு வந்துவிட்டது.
இரண்டு மணி நேரமாகச் சுவருக்குப் பின்னாலிருந்து
நான்தான் நான்தான் என்று
உறுமிக்கொண்டிருக்கிறான் ஒருவன்.
நான் வாயில்லாததுகளைப் பிடித்து
விசாரித்துக்கொண்டிருந்தேன்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தால்
இரண்டு கப்பாசிட்டர் தலை உப்பிக் கிடக்கிறது.
கரண்டு கொஞ்சம் தாழ்ந்தாலும் தாங்காது.
இந்நேரத்துக்கு வேறு எங்கே வாங்க?
"கம்ப்ரஸரை நிறுத்துங்க."
"உள்ள நாப்பதாயிரம் ரூவா ரோசாம்மா!"
சரி, எதிர் டீக்கடை வேறு ஃபேஸ்.
அங்கிருந்து நடைபாதைக்குக் குறுக்கே
வயர் இழுத்தோம்.
சுமைதூக்கிகள் வந்துகொண்டே இருந்தார்கள்.
கண்ணுக்குமேல் மூட்டை,
காலுக்குக் கீழே என் வயர்.
பஞ்சவர்ணம் அதன்மேல் நின்றுகொண்டாள்,
இரண்டு பக்கமும் கால் வைத்து,
"பாத்து, பாத்து, தாண்டி வையி"
என்று ஒவ்வொருவரிடமும்,
நூறு வரும்வரை.

வந்தது.

தேதி மட்டும்
ஒன்று ஒன்று இரண்டாயிரத்து ஒன்பது.
போர்டிலிருந்த பொத்தான் பேட்டரியும்
எப்போதோ போயிருக்கிறது.
மாற்றி வைப்பதற்குள்
முதல் பில் அச்சாகிவிட்டது.
சிலைமான்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாசித்தார்:
"தேதி எதையும் போடுங்க அண்ணாச்சி,
அந்த வருசத்து வெலயப் போட்றாதீக."

டீ ஆறிக்கொண்டிருந்தது.
டப்பாவின் மூடியில் குறித்துக்கொண்டேன்:
எஸ்எம்பிஎஸ் ஒன்று,
பொத்தான் பேட்டரி ஒன்று,
ரப்பர் ஒன்று.