நூற்றுப் பதினேழாம் மரம்

குளத்துப்புழையில்
ரப்பர் வரிசை முடிகிற இடத்தில்
செருப்பைக் கழற்றிவிட வேண்டும்.
அதற்குமேல் சேறு.

டேப்பின் ஒரு நுனி பிஜுமோனிடம்,
மறுநுனி என் கையில்.
நெஞ்சளவில் சுற்றிப் பிடித்தால்
நூற்றெண்பத்திரண்டு.
கொத்தப்பயின் என்கிறான் அவன்.
காட்டுஜாதி என்று எழுதிக்கொள்கிறேன்.

அடியில் மூச்சு இல்லாத மண்.
அதனால் வேர் வெளியே வந்து
ஒரு வளைவு வளைந்து
திரும்ப உள்ளே போகிறது.
எத்தனை முட்டிகள்!
யாரோ ஊரே குந்தியிருப்பதுபோல.
தடுக்கி விழுந்தேன், இரண்டு தடவை.

செம்பத்திரி சுற்றிய விதை ஒன்று
தண்ணீரில் மெல்லப் போகிறது.
போன வருடம் ஒன்றை
லயத்து ஜன்னலில் வைத்திருந்தேன்.
எட்டாம் நாள் குலுக்கினால்
உள்ளே கிலுகிலுத்தது.
ஈரம் விட்டால் அவ்வளவுதான்.

அப்பா கண்டியிலிருந்து வந்த கதையை
பிஜுமோன் கேட்டான்.
கப்பல், மண்டபம் முகாம், பிறகு இந்த ரப்பர்
என்று முடித்துவிட்டேன்.
கொசு அதிகம்.

தகரத் துண்டில் எண் பொறித்து
ஆணியை வைத்து அடித்தான்.
நாலாவது அடியில்
பட்டையிலிருந்து சிவப்பு வடிந்தது.

பதினெட்டு வருடமாக
விடியுமுன் வெள்ளையை மட்டுமே
வெட்டி இறக்குகிறவள் நான்.
"பயப்படாதே சேச்சி, இதன் பால் இப்படித்தான்."

பயமில்லை.
என் கை தன்பாட்டுக்கு
ஒரு சிரட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.