ஒன்பதாயிரத்து ஐந்நூறு பவுண்டு

செகாம்புட் பட்டறையில் முதல் கேள்வி:
"யார் ஓட்டறது, அக்கா?"
நான்தான் என்றேன்.
என் தோளுக்கு மேலாக எட்டி
பின்னால் யாராவது வருகிறார்களா என்று
இன்னொரு முறை பார்த்தான் கதிர்நிலவன்.
யாரும் வரவில்லை.
மழைதான் வரும்போல் இருந்தது.

மலைச்சரிவுகளை அளப்பது என் வேலை.
எங்கே மண் நகரும், எப்போது நகரும் என்று
குழாய் இறக்கிக் கேட்டுவருவேன்.
போன மாதம் உலு கோம்பாக்கில்
மண் நகரவில்லை. நான்தான் வழுக்கினேன்.
அச்சுவரை புதைந்து, ஏழு மணி நேரம்,
காலில் ஏறிய அட்டைகளை எண்ணிக்கொண்டு.
பழைய டயர் நான்கும்
ஆட்டுக்கல் குழவிபோல நின்ற இடத்திலேயே
சேற்றை மாவாக அரைத்தன.

"இது சுத்தமா சேத்துக்கு" என்று
ஒன்றை உருட்டி வந்தான்.
டுரியான் தோலை விரித்து ஒட்டியதுபோல் இருந்தது.
பள்ளத்தில் விரலை விட்டேன்,
இரண்டாம் கணுவரை போனது.
"ஆனா தார்ரோட்டுல சத்தம் போடும்.
டியூக் ஹைவேயில வீடு வர்ற வரைக்கும்
கூடப் பேசிக்கிட்டே வரும்."
வாரத்தில் நாலு நாள் தார்,
ஒரு நாள் சேறு.
நாலு நாளுக்கு வாங்கினால் அறிவு.
அந்த ஒரு நாளுக்காகத்தான் பயப்படுகிறேன்.
பேசட்டும் என்றேன்.
வீட்டிலும் வேறு யாரும் பேசுவதில்லை.

இன்னும் பெரிய அளவு போட்டால்
கெத்தாக இருக்குமாம்.
மட்கார்டைத் தாண்டி நீட்டினால்
புஸ்பாகோமில் கெத்துக்குத் தனி வரிசை கிடையாது என்றேன்.
அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தான்;
நாற்காலி எடுத்துப் போட்டான்.

பிறகு வின்ச்.
வண்டி எடைக்கு ஒன்றரை மடங்காவது இழுக்கணும்.
எஃகு வடமா, நைலான் கயிறா?
எஃகு மலிவு என்று நான் சொன்னதும்
பேசாமல் கால்சட்டையை மடித்துக் காட்டினான்.
முழங்காலுக்குக் கீழே
அவசரமாகப் போட்ட கையெழுத்துபோல ஒரு தழும்பு.
"அறுந்தா திரும்பி வரும்.
கயிறுன்னா பொத்துன்னு விழும், அவ்வளவுதான்."
முந்நூற்றைம்பது ரிங்கிட் வித்தியாசம்.
தழும்பைப் பார்த்தேன், பில்லைப் பார்த்தேன்.
ஆரஞ்சு நிறத்தில் கயிறு வாங்கினேன்.

கேட்காமலே ஓர் அகலப் பட்டையையும் எடுத்துவைத்தான்.
மரத்தில் சுற்ற. பட்டை உரியாமலிருக்க.
"மிஷின் இழுக்குதுன்னு நெனைக்கிறாங்க அக்கா.
எதிர்ல ஒண்ணு நகராம நிக்குது பாருங்க,
அதுதான் இழுக்குது."

பதினாறு வருட அறிக்கைகளில்
நகர்வதை மில்லிமீட்டரில் எழுதியிருக்கிறேன்.
நகராததை எழுதியதில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஐந்து மணிக்குப் பட்டறையைவிட்டு இறங்கினேன்.
ஐந்தேகாலுக்கு வானம் உடைந்தது.
கீழ்ச்சாலையில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது.
கால்வாய்க்குள் முன்சக்கரத்தை விட்டபடி ஒரு மைவி,
பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு நர்ஸ்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
பெயரட்டையில் நோர்ஹயாதி.

சுற்றிலும் ஒரு மரம் இல்லை.
மின்கம்பம், கைப்பேசிக் கடைப் பலகை,
ஹாரன் அடிக்கும் ஊர்.
பட்டை இருக்கையிலேயே கிடந்தது.
என் வண்டிச் சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்து
கைப்பிரேக்கை முழுசாக இழுத்தேன்.
இழுக்கப்போவதும் நான்,
அசையாமல் நிற்க வேண்டியதும் நான்.

ஆரஞ்சுக் கயிறு விறைத்தது.
ஒரு முனகல். பிறகு கான்கிரீட்டில் உரசும் சத்தம்.
மைவி எருமைக்கன்றுபோல
தலையை ஆட்டிக்கொண்டு ஏறி வந்தது.
"தெரிமா காசே, கக்!"
இரவு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.
செருப்பில் ஒன்றை என் பம்பர்மேல் மறந்துவிட்டுப் போனாள்.

வீடு சேரும்வரை டயர்கள் பேசின.
காட்டையே பார்க்காத ரப்பர்,
ஓரத்தில் புது முடிகள்கூட உதிரவில்லை.
சட்டைப்பையில் ரசீது ஊறியிருந்தது.
விலை பளிச்சென்று தெரிந்தது.
உத்தரவாதத் தேதி மட்டும்
நீலமாகக் கரைந்து
ஓடிக்கொண்டிருந்தது.