துளி

பாபுராவ் தெருவில் முனிரத்தினம் லாட்ஜுக்கு
மூன்று பாஷையில் போர்டு.
தமிழ் கைப்பழக்கம். இங்கிலீஷ் அளவுக்கணக்கு.
பெங்காலியைப் படம்போல் வரைவேன்:
இது கொம்பு, இது தாழ்ப்பாள், இது கூன் விழுந்த ஆள்.
எது என்ன சத்தம் போடும் என்று தெரியாது.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அண்ணாந்து படித்துவிட்டுப்
படியேறுகிறார்கள். அது போதும்.

நூலில் நீலப்பொடி தடவி
சாதிக் ஒரு முனை, நான் ஒரு முனை.
நடுவில் இழுத்து விட்டால் சுளீரென்று ஒரு கோடு.
நம் எழுத்துக்கு அதைக் கீழே அடிக்கவேண்டும்.
பெஞ்சில் உட்காருகிற ஆட்கள்.
அவர்கள் எழுத்துக்கு மேலே.
கொடியில் உலர்த்திய துணி மாதிரி
வரிசையாகத் தலை மாட்டித் தொங்கும்.

என் பையில் இருப்பதையெல்லாம்
அதனதன் பெயர் சொல்லிக் கடையில் கேட்டால் கிடைக்காது.
எட்டாம் நம்பர் பட்டை பிரஷ், நாக்கு.
ஒல்லியாய் நீண்டது பாச்சைமீசை,
ழகரத்தின் வால் இழுக்க
அதை விட்டால் ஆளில்லை.
நுனியில் துணிப்பந்து கட்டி
மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்கும் கழி, மச்சான்.
நிற்பான், பேசமாட்டான்.
ஊசி துளைத்த தாள்மேல் தட்டுகிற
கரிப்பொட்டணத்தின் பெயர் அம்மை.
தாளை எடுத்தால் பலகை முழுக்கக் கறுப்பாய்ப் பொரிந்திருக்கும்.

முனிரத்தினம் யாரிடமோ எழுதி வாங்கிய சீட்டில்
இரண்டு புள்ளி இருந்தது.
டீ தெறித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வேலூர் வெயில், மே மாதம்.
எனாமல் நாக்கிலேயே கட்டிப்போகிறது.
டர்பன்டைன் தொட்டுத் தொட்டு முடித்தபோது மணி மூன்று.

கீழே ஒரு பெண்.
அக்குளில் எக்ஸ்ரே கவர், கையில் பிளாஸ்க், சங்குவளை.
வாய்விட்டுப் படித்தாள். சிரித்தாள்.
சிரித்ததை யாராவது பார்த்தார்களா என்று
திரும்பிப் பார்த்தாள்.
அப்புறம் என் கையைக் காட்டி
'துலி' என்றாள்.

துளியா?
குனிந்து தரையைப் பார்த்தேன்.
ஏணிப்படியில் பார்த்தேன். சட்டையில் பார்த்தேன்.
இருபது வருஷத்தில் ஒரு சொட்டு சிந்தினவன் இல்லை நான் என்று
சாதிக்கிடம் கோபித்துக்கொண்டேன்.
அவள் விடவில்லை: துலி, துலி.
எட்டி, என் விரல் இடுக்கிலிருந்து
நாக்கை வாங்கிக்கொண்டாள்.

பிரஷ்ஷுக்கு அவள் ஊரில் அது பெயராம்.

பிளாஸ்க்கை சாதிக்கிடம் கொடுத்துவிட்டு
ஏணியில் இரண்டு படி ஏறி
இரண்டாம் எழுத்தின் காலடியில் ஒன்று வைத்தாள்.
இன்னொன்றுக்கு இடம் காட்டி
என்னை வைக்கச் சொன்னாள்.

அதுவரை அந்தப் போர்டு
எந்த ஊரிலும் இல்லாத ஒன்றை
வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது.

நாம் புள்ளியை உச்சந்தலையில் வைப்போம்.
வைத்ததும் உயிர் போய்
மெய் மட்டும் நிற்கும்.
அவர்களுக்குக் காலடியில்.
வைக்க மறந்தால்
ஆளே மாறிப்போகும்.

முனிரத்தினம் கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்,
புள்ளிக்கு இருபத்தைந்து.

ரிஜிஸ்டரில் அவள் பெயர் ஷெஃபாலி. பதினொரு நாள் இருந்தாள்.
பன்னிரண்டாம் நாள் அந்த அறையில் வேறு ஆட்கள்.
நல்லபடியாகத்தான் போனார்களா என்று
நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் முனிரத்தினம் சொல்லியிருப்பார்.

புள்ளி வைக்க நாக்கு தோதான பிரஷ் இல்லை.
அவள் வைத்தது கொஞ்சம் பெரிசு,
ஒரு பக்கம் மயிரிழை இழுத்திருக்கிறது.
அந்த வழியே போகும்போதெல்லாம் கை அரிக்கிறது.
திருத்தவில்லை.

இப்போது தோட்டப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடை.
ஷட்டர் முழுக்கச் சிவப்பு.
நாக்கு என்ற பெயர் எப்போது விட்டுப்போனது தெரியவில்லை.
லகரமும் என் வாயில் ளகரமாகத்தான் விழுகிறது.
ஏணிமேலிருந்து கத்துகிறேன்:
'சாதிக், துளியை எடு!'

அவன் துணியோடு குனிந்து
தரையெல்லாம் தேடுகிறான்.