ஒன்றும் உடையவில்லை

ஓஷிலிருந்து வந்த லாரியில்
பழைய கம்பளத்தில் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது
எஞ்சின் பிளாக்.
அவிழ்க்கும்போதே துர்சுனாலி சிரித்தான்:
"கல்யாணப் பெண்ணைத்தான் இப்படிக் கொண்டுவருவார்கள், டாக்டர்."
துளைக்குள் விரலை விட்டுச் சுழற்றினான்.
நூறு மில்லிமீட்டர்.
என் ஜீப்புடையது தொண்ணூற்றிரண்டு.

அந்த எட்டு மில்லிக்கு
ஆறு செம்மறிகளும் ஒரு யாக் கன்றும் போயின.

தங்கை புருஷன் ஜெங்கிஷ் வந்து பார்த்துவிட்டுத்
தலையில் அடித்துக்கொண்டான்.
"இந்தப் பணத்துக்கு ஜப்பான் டீசல் கிடைத்திருக்கும்."
கிடைத்திருக்கும்தான்.
மைனஸ் நாற்பதில் மெழுகாய் உறையும் டீசலை
அடுப்பு மூட்டி உருக்க
அவன் வருவானா என்று கேட்டேன்.
தேநீரைக் குடித்துவிட்டுப் போனான்.

முர்காபில் பட்டறை என்றால் ஒரு சரக்குப் பெட்டகம்.
மூலையில் ஒரு தகர அடுப்பு,
அதில் எரிவது மலைப்புதரின் வேர்.
ஸ்பேனரை வெறுங்கையால் எடுத்தால்
தோலை வாடகையாகக் கொடுக்க வேண்டும்.
பிப்ரவரி முழுக்க அங்கே கிடந்தோம்:
மண்ணெண்ணெய்த் தொட்டியில் வால்வுகள்,
ஸ்டூல் மேல் பிஸ்டன்கள்,
செய்தித்தாளில் பென்சிலால் அவன் எழுதிய கணக்கு.

ஹெட்டை இரண்டு மில்லி சீவச் சொன்னது நான்தான்.
இங்கே காற்று அரைப்படிதான்.
கிடைத்த அரைப்படியை இறுக்கினால்தானே
வயிறு நிறையும்?
சமவெளியில் இப்படிச் செய்தால்
எஞ்சின் தட்டும், பல்லைக் கடிக்கும்.
இவ்வளவு உயரத்தில் நெரிப்பதற்கு
அதற்குக் கழுத்தே இல்லை.

போன அக்டோபர் வரைக்கும்
அக்-பைத்தால் கணவாயை நான் ஏறியது முதுகால்தான்.
வெள்ளைக் குதிரை, பெட்டைக் குதிரை என்று அதற்குப் பேர்;
என்னை ஒருமுறையும் முன்பக்கம் ஏற விட்டதில்லை.
முதல் கியரில் மூச்சு நின்றுவிடும்.
வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டு,
கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி
கடைசி மூன்று கிலோமீட்டர்.
பின்சீட்டில் யாக்குகளுக்கான கோமாரித் தடுப்பூசி,
ஐஸ் பெட்டிக்குள், உறைந்துவிடாமல் இருக்கக்
கம்பளி போர்த்தி.
முன்கண்ணாடி நிறைய
நான் விட்டு வந்த ஊர்.

பாதி ஏற்றத்தில் சாலைக்காரன் குர்போன்ஷோவின் குடிசை.
ரேடியேட்டர் கொதித்து நிற்கும் இடமும் அதுதான்;
அவன் அங்கே கட்டினானா,
வண்டி அங்கே கொதிக்கக் கற்றுக்கொண்டதா தெரியாது.
ஏழு வருஷமாய் அவன் கெட்டிலில் பாதி எனக்கு,
பாதி ஜீப்புக்கு.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி
புது எஞ்சினில் முதல் முறை ஏறினேன்.
இரண்டாம் கியர்.
ஒரு வளைவு, இன்னொரு வளைவு.
வெப்பமுள் சோம்பேறி மாதிரி நடுவில் படுத்திருந்தது.
வாய்விட்டுக் கத்தினேன் என்று நினைக்கிறேன்,
எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

குடிசையைத் தாண்டி இருநூறு மீட்டர் போன பிறகுதான்
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்:
குர்போன்ஷோ சாலை நடுவில்,
கையில் கெட்டில், ஆவி பறக்க.
தூரத்தில் சத்தம் கேட்டதுமே அடுப்பில் வைத்திருப்பான்.

ரிவர்ஸ் போட்டேன்.
கை அதற்குப் பழகியது, பார்க்காமலே விழுந்தது.

"என்ன உடைந்தது?"
"ஒன்றும் உடையவில்லை."
அப்படியென்றால் இது வேறு வியாதி என்பதுபோல்
என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
பானெட்டைத் திறக்கச் சொன்னான்.
திறந்தேன்.
நிரம்பியிருந்த ரேடியேட்டரை எட்டிப் பார்த்து,
ஒரு கை தண்ணீரை
அதன் மூடிமேலாவது ஊற்றிவிட்டு,
மீதியில் தேயிலை போட்டான்.